ஓவியரும் புதுத் தரகரும்

"இணையம் வந்துவிட்டது, இனித் தரகனுக்கு வேலையில்லை" என்னும் பேச்சு சென்ற இருபது ஆண்டுகளாக உலகெங்கும் முழங்கி வருகிறது. ஓவியம் எழுதும் வாலிபரும் பெண்டிரும் இனிச் செல்வர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லையாம். சித்திரக் கூடத்து முதலாளியின் தயவை நாட வேண்டியதில்லையாம். தாம் எழுதிய படத்தைக் கைப்பேசியால் பிடித்து ஒரு வலைத்தளத்தில் ஏற்றிவிட்டால் வாங்குவோர் தாமே தேடி வருவராம். நம்மவரிலும் படித்தோர் பலர் இதை அப்படியே நம்பிப் பேசுகின்றனர். இப்பேச்சில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலையாராய்ச்சி என்றால் அழகைப் பற்றி மட்டுமே பேச வேண்டும், விலையைப் பற்றிப் பேசலாகாது என்பாரும் உளர். வயிற்றை மறந்து கலையைப் பேசுவது வயிறு நிறைந்தவர்களுக்கே இயலும். ஆதலின் அக்கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் இணையத்துக்கு உரிய புகழைக் குறைவின்றிக் கொடுத்துவிடுவோம். நம் முன்னோர் நாட்டில் கலைத்தொழில் பிறப்பால் பூட்டப்பட்டிருந்தது. சிலை செய்வோன் இன்ன குலத்தில் பிறந்தவனாயிருத்தல் வேண்டும் என்றார்கள். அவன் செய்த சிலையைக் கும்பிட்டார்கள். ஆனால் கோயிற் கல்லில் பொறிக்கப்பட்டது பெரும்பாலும் பொருள் கொடுத்தவன் பெயரேயன்றி உளி பிடித்தவன் பெயரன்று. மேனாடுகளில் பூட்டு வேறு விதமாயிருந்தது. அங்கே பேர் பெற்ற கலைப்பள்ளியில் படித்திருக்க வேண்டும். பெரிய நகரத்தில் வசிக்க வேண்டும். சித்திரக் கூடத்தாருக்கு அறிமுகமானவரின் சிபாரிசு வேண்டும். கூடத்தார் ஒப்புக்கொண்டாலும் விற்ற விலையில் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வது சாதாரண வழக்கம். இவ்விரண்டு பூட்டுகளையும் ஒருசேர அசைத்துப் பார்த்த கருவி இணையமே என்பதில் ஐயமில்லை. படத்தைப் பார்ப்பவன் அதை எழுதியவனின் சாதியைக் கேட்பதில்லை; தெருவின் பெயரைக் கேட்பதில்லை. லயத்து வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்ட படமும் லண்டன் மாளிகையில் எழுதப்பட்ட படமும் ஒரே அளவுச் சதுரத்துக்குள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இது சிறிய காரியமன்று.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரு வரலாற்றைச் சொல்லலாம். விளம்பரத் தொழிலால் லண்டன் மாநகரில் பெரும் பொருள் ஈட்டியவர் சார்ல்ஸ் சாட்சி. அவரும் அவருடைய சகோதரர் மாரிஸும் 1970-ல் ஏற்படுத்திய விளம்பரக் கம்பெனி உலகப் பிரசித்தி பெற்றது. 1985-ல் அவர் தம் பெயரால் ஒரு சித்திரக் கூடத்தைத் திறந்தார். அவர் ஒருவர் வாங்கினார் என்பதனாலேயே 1990-களில் ஆங்கில வாலிபக் கலைஞர் பலரின் பெயர் ஓங்கியது. ஒரு மனிதரின் பணப்பை ஒரு தலைமுறையின் கலையைத் தீர்மானித்தது என்று கூறினும் மிகையாகாது. அந்தக் கூடமே 2006-ல் ஒரு வலைத்தளத்தையும் தொடங்கிற்று. எந்நாட்டுக் கலைஞரும் தம் படங்களை அதில் கட்டணமின்றி வைக்கலாம். வாங்க விரும்புவோர் கலைஞருடனேயே பேசி முடித்துக்கொள்ளலாம். இடையில் கமிஷன் இல்லை. அவ்வாண்டு முடியுமுன் கலைப்பள்ளி மாணாக்கர்களுக்கென்றே ஒரு தனிப்பகுதியும் ஏற்பட்டது. பணக்காரர் ஒருவர் திறந்த கதவாயினும் அது மெய்யாகவே திறந்த கதவு. அதைக் குறைகூற நமக்கு மனமில்லை.

பிறகு நடந்தது என்ன? சில ஆண்டுகளில் அவ்வலைத்தளம் கமிஷன் பெறும் விற்பனைக் கடையாயிற்று. 2014-ல் அது ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. இன்று அதன் வழியாக ஒரு மூல ஓவியம் விற்றால் கலைஞருக்கு 100-க்கு 60, கடைக்கு 40. பழைய கூடத்தாரின் பாதிப் பங்குக்கும் இந்த 40-க்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரனுக்குச் செலவில்லை என்று நாம் சொல்லவில்லை. பணத்தை வாங்கித் தருவதும், படத்தை நாடு விட்டு நாடு அனுப்ப ஏற்பாடு செய்வதும், பிடிக்காவிட்டால் திருப்பிப் பெற்றுக்கொள்வதும் செலவுள்ள காரியங்களே. செய்த வேலைக்குக் கூலி பெறுவது குற்றமாகாது. நம் கேள்வி வேறு. அந்தக் கூலி இவ்வளவு என்று முடிவு செய்தவர் யார்? அம்முடிவு செய்யப்பட்டபோது, எந்தக் கலைஞர்களின் படங்களால் அத்தளம் நிறைந்ததோ, அக்கலைஞர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? தளம் கைமாறியபோது அவர்களுக்கு அதில் ஒரு காசு பங்கு உண்டா? படம் அவர்களுடையது, உழைப்பு அவர்களுடையது. ஆனால் சுவர் மட்டும் பிறனுடையது. சுவருக்கு உடையவன் தன் சுவரை விற்கும்போது அதில் தொங்கும் படங்களை எழுதியவரைக் கேட்க வேண்டியதில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு கடையைப் பார்ப்போம். 2005-ல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரப் பகுதியில் தொடங்கப்பட்ட எட்சி என்னும் வலைச்சந்தை கைவேலைக்காரர்களின் சந்தை என்று பெயரெடுத்தது. யந்திரத்தால் செய்த பொருளுக்கு அங்கே இடமில்லை என்பதே அதன் பெருமை. 2013-ல், வெளித் தொழிற்சாலைகளைக் கொண்டும் பொருளைச் செய்வித்து விற்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. 2015-ல் அக்கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. விற்ற விலையில் 100-க்கு 3.5 ஆக இருந்த கமிஷன் 2018-ல் 5 ஆயிற்று. 2022 ஏப்ரலில் 6.5 ஆயிற்று. இது மட்டுமன்று. ஒவ்வொரு பொருளையும் நான்கு மாத காலம் கடையில் வைத்திருக்க 20 சென்ட். விற்றாலும் கட்ட வேண்டும், விற்காவிட்டாலும் கட்ட வேண்டும். பணத்தைப் பெற்றுத் தருவதற்கு அமெரிக்காவில் 100-க்கு 3-ம் அதன் மேல் 25 சென்ட்டும். கம்பெனி வெளியில் செய்த விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வந்து வாங்கினால், சிறு விற்பனையாளரிடம் 100-க்கு 15. ஆகவே ஒரு பெண் 100 டாலருக்கு ஒரு படத்தை இவ்விதம் விற்றால், 2022-ல் இருந்த விகிதப்படி ஏறத்தாழ 25 டாலர் கடைக்குப் போய்விடும். காகிதம், வர்ணம், தபால், அவளுடைய பொழுது ஆகிய யாவும் மிச்சத்திலிருந்துதான்.

ஆண்டு விற்பனை 10,000 டாலரைத் தாண்டியவர்கள் விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் இழக்கிறார்கள். அவர்களுக்கு விகிதம் 12 ஆகக் குறைகிறது. ஆனால் விலகுவதற்கு வழியில்லை. இவற்றை எதிர்த்து 2022 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் ஒரு வார காலம் தங்கள் வலைக்கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலைத் தொழிலாளி சம்மட்டியைக் கீழே வைத்ததைப் போல, வீட்டு மேசையிலிருந்து உழைப்பவர்கள் கடையைச் சாத்தினார்கள். உயர்த்திய கமிஷனோ திரும்பக் குறைக்கப்படவில்லை.

தோட்டத்து வாசகர்களுக்கு இக்கதை புதிதாய்த் தோன்றாது. தலைக்காசு என்னும் சொல் நம் பாட்டன்மார் காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் புழங்கிய சொல். ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்கு ஒரு தொகை. ஆள் வெட்டிய மரத்தைக் கங்காணி வெட்டவில்லை; சுமந்த பாலைச் சுமக்கவில்லை; ஆயினும் ஆளின் தலை எண்ணப்பட்டது, காசு கைமாறிற்று. இந்திய சர்க்கார் 1938-ல் உதவிக் குடியேற்றத்தைத் தடுத்ததோடு கங்காணி ஆள் சேர்க்கும் முறை முடிவுக்கு வந்தது. கங்காணியின் முகமாவது தெரிந்த முகம். அவன் வீட்டு வாசலில் நின்று சண்டையிடலாம், காலில் விழலாம். புதுத் தரகனுக்கு முகமே இல்லை. விதி மாறிவிட்டது என்று ஒரு கடிதம் வரும்; அவ்வளவுதான்.

வாக்குறுதி எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கணினியில் எழுதப்படும் படத்துக்கு உடைமைப் பத்திரம் போன்ற இலக்கமுறைச் சான்று ஒன்றை உண்டாக்கி, என்.எஃப்.டி. என்னும் பெயரால் விற்கும் வழக்கம் சில ஆண்டுகளுக்கு முன் பெரும் ஆரவாரத்தோடு கிளம்பிற்று. 2021 மார்ச்சில் கிறிஸ்டி ஏலக் கம்பெனியில் பீப்பிள் என்னும் புனைபெயருடைய அமெரிக்க ஓவியரின் ஒரு படம் 69 மில்லியன் டாலருக்கு மேல் விலை போயிற்று. அப்போது வாலிபக் கலைஞர்களுக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி ஒன்று உண்டு. "உங்கள் படம் கைமாறும்போதெல்லாம் விலையில் ஒரு பங்கு தானாகவே உங்களை வந்தடையும்" என்பதே அது. ஆனால் போட்டி வலுத்து, வாங்குவோர் குறைந்தபோது, அவ்வியாபாரத்தில் முன்னணியில் நின்ற ஓப்பன்சீ என்னும் சந்தை, அப்பங்கை வற்புறுத்தி வசூலிப்பதை நிறுத்தப்போவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. இனி வாங்குவோன் விரும்பினால் கொடுக்கலாம் என்றது.

இதனோடு மற்றொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓவியம் மறுவிற்பனையாகும்போது எழுதியவருக்கு ஒரு பங்கு சேர வேண்டும் என்று பிரெஞ்சு நாட்டார் 1920-லேயே சட்டம் செய்தனர். இந்தியா 1994-ல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையைச் சேர்த்தது. பிரிட்டனில் 2006 முதல் அது நடைமுறையில் உள்ளது. நூறாண்டுக்கு முன் சட்டம் கொடுத்தது இன்றும் நிற்கிறது; வியாபாரி கொடுத்த வாக்கோ சில ஆண்டுகளில் காற்றோடு போயிற்று. வியாபாரி தீயவன் என்பதல்ல காரணம். லாபம் குறையும்போது வாக்குறுதி அவனுக்குச் சுமையாகிவிடுகிறது. சட்டத்தை மாற்ற ஊரைக் கூட்ட வேண்டும். வாக்குறுதியை மாற்ற ஒரு கையெழுத்துப் போதும்.

இதுவரை பணத்தைப் பற்றிச் சொன்னோம். கலைக்கு நேரும் கேடு இதனினும் நுட்பமானது. வலைக்கடையில் படம் வாங்கப் போகிறவர் முதலில் காண்பது படத்தையன்று, சல்லடையை. என்ன நிறம், எவ்வளவு அகலம், எந்த விலைக்குள், நெடுக்கா கிடக்கையா என்று அது கேட்கிறது. நாற்காலித் துணிக்குப் பொருத்தமான நீல நிறப் படம் வேண்டுமென்றால் ஒரு நொடியில் ஆயிரம் நீலப் படங்கள் வந்து நிற்கும். கட்டைவிரல் நகத்தளவு தோன்றும் சித்திரங்களில் கண்ணைப் பறிக்கும் வர்ணம் வெல்லும். நின்று பார்த்தால் மட்டுமே பேசும் படம் தோற்கும். பால்மரக் காட்டு விடியலின் மங்கிய வெளிச்சத்தை உள்ளபடி எழுதிய ஒரு பெண்ணின் படம் அச்சதுரத்துக்குள் வெறும் கரிய கட்டமாகத்தான் தெரியும். அடுத்த முறை அவள் என்ன செய்வாள்? விடியலை விட்டுவிட்டுச் செம்பருத்திப் பூவை எழுதுவாள். பூ விற்றால் பூவையே பத்து முறை எழுதுவாள். அவள் கையில் தூரிகை இருக்கும். தூரிகையை நடத்துவதோ சல்லடையாகும். இதை எந்தத் தணிக்கை அதிகாரியும் செய்யவில்லை. பசியும் சல்லடையும் சேர்ந்து செய்தன.

இது நம்மவர் முன்பே கண்ட கதை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் கல்லச்சுக் கூடம் ஒன்றை ஏற்படுத்தினார். அதுவரை அரண்மனைச் சுவரில் மட்டுமே இருந்த வர்ணப் படம் ஏழையின் சுவருக்கும் வந்தது. அது போற்றத்தக்கதே. ஆயினும் அச்சுக்கூடம் நட்டப்பட்டுச் சில ஆண்டுகளில் ஜெர்மானியத் தொழில் நிபுணர் ஒருவரின் கைக்குப் போயிற்று. படங்களோ பெருகிக்கொண்டே இருந்தன. விளைவு யாது? சரஸ்வதி என்றால் இந்த முகம், லக்ஷ்மி என்றால் இந்தப் புடவை என்று கோடிக்கணக்கான கண்களில் ஓர் அச்சு விழுந்துவிட்டது. கப்பலேறி மலாயா வந்த நம் மக்களின் சுவர்களிலும் அந்த வழிவந்த நாட்காட்டிப் படங்களே தொங்கின, இன்றும் தொங்குகின்றன. பால்வெட்டும் தாயின் முகத்தை எழுதியவன் ஒருவன் இருந்திருந்தால் அவனுக்கு அச்சுவரில் இடம் கிடைத்திருக்குமா? படத்தை ஏழையிடம் கொண்டு சேர்க்கும் கருவியே ஏழையின் கண்ணையும் பழக்கிவிடுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அப்படியானால் இணையத்தை விலக்கிவிட வேண்டுமா என்று கேட்கலாம். அது மடமை. ரயில் முதலாளியுடையது என்று நடந்தே போவாரும் உண்டோ? வேண்டியது ரயிலை விலக்குவதன்று, ரயிலில் பங்கு கேட்பது. அதற்கும் உலகில் முன்மாதிரி உண்டு.

கனடா நாட்டில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் 2000-ல் ஒரு புகைப்பட வலைத்தளத்தைத் தொடங்கினார். முதலில் படக்காரர்கள் ஒருவருக்கொருவர் இலவசமாகப் படம் பரிமாறிக்கொள்ளும் இடமாக இருந்து, பின்னர் அது விற்பனைத் தளமாயிற்று. 2006-ல் கெட்டி என்னும் பெரிய பட வியாபாரக் கம்பெனி அதை 50 மில்லியன் டாலருக்கு வாங்கியது. தனி ஒப்பந்தம் செய்யாத படக்காரருக்கு விலையில் 100-க்கு 15 முதல் 20 வரை மட்டுமே என்று 2010-ல் அறிவிப்பு வந்தது. அதே லிவிங்ஸ்டன் வேறு சிலரோடு சேர்ந்து 2013-ல் ஸ்டாக்சி என்னும் புதிய தளத்தைக் கூட்டுறவுச் சங்கமாகவே அமைத்தார். அங்கே படம் எடுப்போரே பங்குதாரர். ஒருவருக்கு ஒரு வாக்கு. சாதாரண உரிமத்துக்கு விலையில் பாதியும், விரிந்த உரிமத்துக்கு 100-க்கு 75-ம் படக்காரருக்கே சேரும்படி விதி செய்தார்கள். எட்சி வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டோர் சிலரும் தங்களுக்கென ஒரு கைவேலைக்காரர் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி 2023-ல் வலைச்சந்தை திறந்தனர். பெரிய கடைகளைப் பார்க்க இவை சிறியனவே. கூட்டம் பெரிய கடைக்கே போகிறது, விளம்பரச் செலவுக்குச் சங்கத்திடம் பணமில்லை என்னும் மறுப்பு உண்மையானதே. அன்றியும் ஸ்டாக்சி எல்லாரையும் சேர்த்துக்கொள்வதில்லை, தேர்ந்தே சேர்க்கிறது. ஆகவே சங்கம் என்றதும் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று நாம் ஏமாற்றப் புகவில்லை. ஆனால் அங்கே விதியை மாற்ற வேண்டுமானால் உறுப்பினரைக் கேட்டாக வேண்டும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அது வேண்டற்பாலது.

நம்மவருக்குக் கூட்டுறவு புதியதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். மாதம் 10 வெள்ளி என்று பால்வெட்டுத் தொழிலாளர் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் சேர்ந்து நிலத்துக்குப் பங்குதாரராக முடிந்ததென்றால், கல்லூரி முடித்த அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வலைத்தளத்துக்குப் பங்குதாரராக முடியாதா? நிலத்துக்கு ஆன செலவில் கடுகளவும் இதற்கு ஆகாது. கிள்ளானில் ஐவர், ஈப்போவில் ஐவர், சிங்கப்பூரில் ஐவர் எனச் சேர்ந்து, சொந்த முகவரியில் ஒரு தளம் வைத்து, பெரிய கடைகளை விளம்பரப் பலகையாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, விற்பனையைத் தம் வாசலுக்கே கொண்டுவர முயல்வதில் என்ன தடை? ஒற்றுமைக் குறைவைத் தவிர வேறு தடை நமக்குப் புலப்படவில்லை.

வாலிபக் கலைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சில. எழுதிய ஒவ்வொரு படத்திலும் பெயரும் ஆண்டும் இடுங்கள். சிற்பியின் பெயரை மறைத்த வழக்கத்துக்கு நீங்கள் உடந்தையாக வேண்டாம். வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் சொந்த ஏட்டில் எழுதி வையுங்கள். கடை மூடினாலும் அந்த ஏடு உங்களோடு இருக்கும். ஒரே கடையை நம்பி இராதீர்கள். படத்தை விற்பது வேறு, அதை அச்சிட்டுப் பெருக்கும் உரிமையை விற்பது வேறு; கையெழுத்திடுமுன் இரண்டையும் பிரித்துப் படியுங்கள். விற்பதற்காகப் பத்துப் பூக்களை எழுத நேர்ந்தால் எழுதுங்கள்; அதற்காக நாம் இகழ மாட்டோம். ஆனால் பதினோராவதாக அந்த விடியலையும் எழுதி வையுங்கள்.

கடைசியாக, வாங்கும் நிலையில் உள்ள நம் மக்களை ஒன்று கேட்கிறோம். தலைவர் ஒருவருக்கு மாலையும் பொன்னாடையும் போர்த்த ஒரே மாலைப்பொழுதில் செலவாகும் பணம் எவ்வளவு? திருவிழாவில் புகையாகப் போகும் பணம் எவ்வளவு? கலியாண மண்டப அலங்காரம் மறுநாள் குப்பைக்குப் போகிறதே, அதற்கு எவ்வளவு? இவற்றுக்கு மறுவார்த்தை பேசாமல் பணம் கொடுப்பவர், நம் பெண் ஒருத்தி எழுதிய ஓவியத்துக்கு 200 வெள்ளி என்றால், "சும்மா ஒன்று எழுதிக் கொடம்மா" என்று கேட்பதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். இணையம் உலகத்தின் மறுகோடியிலிருந்து வாங்குவோரைத் தேடித் தரலாம். அடுத்த தெருவில் இருக்கும் நாம் திரும்பிப் பார்க்காவிட்டால் அது எந்தக் கருவியின் குற்றம்? தரகனுக்குப் பலம் வந்ததே, கலைஞருக்கும் மக்களுக்கும் இடையே நாம் விட்டுவைத்த தூரத்தினால்தான். அத்தூரம் குறையும் அளவுக்கு அவன் கமிஷனும் குறையும்.

ஆகவே, இந்த ஆண்டு முடிவதற்குள் நம் வீடு ஒவ்வொன்றிலும், நம்மிடையே வாழும் ஒருவர் கையால் எழுதிய படம் ஒன்றாவது, உரிய விலை கொடுத்து வாங்கப்பட்டு, எழுதியவர் பெயரோடு தொங்க வேண்டும். ஒவ்வொரு சங்கக் கட்டடத்திலும், வாசகசாலையிலும், பள்ளிக்கூடத்திலும் ஒரு சுவர் அவர்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். அதைச் செய்யத் தொடங்கிய ஊரில், புதுத் தரகரைப் பற்றி நாம் இவ்வளவு நீளமாக எழுத வேண்டிய அவசியம் இராது.